வாப்பாவைச் சுருக்கும் வேலை

அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. நீயும் மச்சானும் பிள்ளைகளும் மேலப்பாளையத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே புனேயில், ஔந்தில் நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். போன் செய்திருப்பேன், ஆனால் வாப்பா அடுத்த அறையில் இருக்கிறார். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து காது இரண்டு மடங்காகிவிட்டது. சொல்ல வந்ததோ அவர் கேட்கக் கூடாதது.

நானும் தல்ஹாவும் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஞாபகமிருக்கும். "மூணு வருசம் மெனக்கெட்டு ஒரு சாவியத் தேடுறதா?" என்று மச்சான் கேட்டாரே, அதேதான். மழை ராத்திரியில் வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் ஒரு பூட்டுக்கடைக்கு வருவான், கடைக்காரருக்குக் குரல் வாப்பா. கேம்ப் பகுதியில் இருக்கும் வாப்பாவின் சொந்தக் கடையில், வியாபார நேரத்திலேயே பதிவு செய்தோம். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னதற்கே முகத்தைத் தூக்கிக்கொண்டார், அதனால் எல்லா வசனத்துக்குப் பின்னாலும் ஓர் ஆட்டோ ஹாரன் உண்டு. "அந்தச் சாவி இல்லை" என்று நான் எழுதிக் கொடுத்ததைத் தொடவே மாட்டேனென்றுவிட்டார். "கடையில உக்காந்துக்கிட்டு இல்லங்கிற வார்த்தைய நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீ உன் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிக்கோ." அதற்குப் பதிலாக அவர் சொன்னது, முப்பது வருஷமாகச் சொன்னது, "நாளைக்கு வாங்க." முந்நூற்றுப் பன்னிரண்டு வசனத்தில் ஒரு 'இல்லை' கிடையாது.

இப்போது அதைக் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு மாற்றச் சொல்லி ஒரு கம்பெனி கேட்டது, சரியென்று தலையாட்டினோம், அன்றைக்குப் பிடித்தது சனி. முதல் தடவை, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். பெரிதாக்கினேன், தமிழ் வார்த்தைகள் கட்டத்தை விட்டு வெளியே போய்த் தெருவில் நின்றன. அதைச் சரிசெய்து அனுப்பினால், கருவியை அணைத்து எழுப்பும்போது கடைக்காரர் விட்ட இடத்திலிருந்தும் பேசுகிறார், முதலிலிருந்தும் பேசுகிறார். இரண்டு வாப்பா ஒரே வாடிக்கையாளரைத் திட்டுகிறார்கள், ஒருத்தரையே தாங்க முடியாத கடை அது. அதையும் முடித்தேன். மூன்றாவது தடவை கருவி தோசைக்கல்லாகக் கொதித்து, சரியாக வாப்பா இருமும் இடத்தில் உயிரை விட்டது. நினைவகம் போதவில்லையாம். குரலைக் கசக்கிப் பார்த்தேன், தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் அவர்கள் சொன்னது: நாற்பது வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு எழுத்து போதும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேண்டாம்.

நினைவகத்தில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது மழைப் படம்தான், அதைக் குறைத்துக் குரலை வைத்துக்கொள்ளலாமா என்று தல்ஹாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த மழையை அவர் ஏழு மாதம் வரைந்தார், ஒவ்வொரு துளியும் அவருக்கு உறவு. "கம்ப்யூட்டர்ல மாமா குரல் முழுசா பத்திரமா இருக்கு, இதுல மட்டும்தானே எடுக்கிறோம்" என்கிறார். புத்திக்குப் புரிகிறது லாத்தா. ஆனால் குறி போடுகிற விரல் என்னுடையது. வசனங்களை வரிசையாகப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கினால் பேசும், இன்னொன்றை அமுக்கினால் நீக்கச் சொல்லிக் குறி விழும் என்று கருவியில் ஒரு பட்டியல் செய்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் குறி போட்டேன். "குடைய வெளியில வைங்க, கடை நனையுது" என்பதற்கும் போட்டேன். பக்கத்தில் மகள் ஹுதா தூங்குகிறாள். மூன்று வயது. வாப்பா பேசியது எதுவும் இவள் ஞாபகத்தில் நிற்கப் போவதில்லை, இதில் கேட்டால்தான் உண்டு. இன்னும் அறுபது போக வேண்டும். என்னால் முடியவில்லை. மீதி நூறையும் இத்துடன் அனுப்புகிறேன், அறுபதை நீ அடித்துக் கொடு. நீ மூத்தவள், பாவத்தில் பாதி உனக்கு.

மச்சானுக்கு சலாம் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் எல்லோரையும் நல்லபடி வைக்கட்டும், இந்தக் கருவியையும்.

உன் தங்கை
ஃபரீன்

பி.கு: அனுப்பாமலே தூங்கிவிட்டேன். இப்போது காலை எட்டு. ராத்திரி கருவியை வாப்பா கட்டிலருகே சார்ஜில் போட்டிருந்தேன், அங்கேதான் பிளக் காலி. ஏழு மணிக்கு உடற்பயிற்சி செய்விக்கும் கிருஷ்ணா வந்து, "சலியே சாச்சா" என்று இந்தியில் எழுந்து வரச் சொல்லிக் கையைப் பிடித்தார். போர்வைக்குள்ளிருந்து "நாளைக்கு வாங்க" என்று வாப்பா குரல். கிருஷ்ணா கையை விட்டுவிட்டார். சத்தம் கேட்டுத் தல்ஹா ஓடிவந்து, "மாமா, அதக் குடுங்க, வேலையிருக்கு" என்றார். இடது கைக் கட்டைவிரல் நிதானமாகத் தேடியது. "குடைய வெளியில வைங்க, கடை நனையுது."

வாங்கிப் பார்த்தேன் லாத்தா. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு குறிகூட இல்லை. கை தவறிப் பட்டதா, தெரிந்தே எடுத்தீர்களா வாப்பா என்று கேட்டேன். கருவியை என் கையிலிருந்து வாங்கி அமுக்கினார். நாளைக்கு வாங்க.

அதனால் நீ எதையும் அடிக்க வேண்டாம். மழையை எடுத்துவிடுகிறேன். காய்ந்த தெருவில் எல்லோரும் நனைந்த குடையோடு கடைக்கு வருவார்கள், வரட்டும். இதைத் தல்ஹாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சீக்கிரம் பதில் போடு.