நாத்தனார் கல்யாணக் காருக்கு நான் போட்ட பாலிஷ்

ஒரு வேலையைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. அவர்கள் பாட்டுக்குச் சும்மா இருந்துவிடுவார்கள். அந்த வேலையைப் பற்றிப் போனில் வீடியோ பார்த்தவர்களைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். நான் ஒரு வாரம் முழுக்கப் பார்த்திருந்தேன்.

என் நாத்தனார் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். போர்ட் பிளேரில் வாடகைக்கு விதவிதமான கல்யாணக் கார்கள் கிடைக்கும். ஆனால் ஸ்டெல்லா, "எங்க அண்ணன் வண்டியிலதான் கோயிலுக்குப் போவேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பா இல்லாத பெண். பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று அவளைக் கொண்டுபோய் விட்டதெல்லாம் அந்த மெரூன் கலர் கார்தான். என் கணவர் ஜெரால்டுக்கும் அது மூத்த பிள்ளை மாதிரி. (எனக்குக் கல்யாணம் பேச வந்தபோதே அந்தப் பிள்ளையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட்டார்.)

ஜெரால்டுக்குத் தீவுகளுக்கு இடையில் ஓடும் கப்பலில் எஞ்சின் வேலை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கட்சால் தீவுப் பக்கம் டியூட்டி விழுந்துவிட்டது. கிளம்பும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வண்டிய ஈரத் துணியால ஒரு தடவ தொடச்சு வை."

ஈரத் துணியாம்! உப்புக் காற்று பட்டுப்பட்டு அந்த மெரூன், ஆறிப்போன பீட்ரூட் பொரியல் நிறத்துக்கு வந்திருந்தது. நானோ வேறு உலகத்தில் இருந்தேன். வீடியோவில் ஒருவர் பானட்டில் கொஞ்சம் பாலிஷ் காம்பவுண்டைத் தடவி மெஷினை வைக்கிறார், உர்ரென்று ஒரு சுற்று, துடைத்தால் அதில் வானமும் மேகமும் தெரிகின்றன. ஸ்டெல்லா காரை விட்டு இறங்கும்போது அவளுடைய வெள்ளை கவுன் பானட்டில் தெரிய வேண்டும், ஊரே வாயைப் பிளக்க வேண்டும். நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

காம்பவுண்டில் கரடு, நைஸ் என்று இரண்டு வகை உண்டு. கரடு, பெயிண்டின் மேல்தோலைச் சீவிக் கீறலை எடுக்கும். நைஸ், பளபளப்பு மட்டும் கொடுக்கும். எல்லா வீடியோவிலும் ஒரே பாடம்தான்: முதலில் நைஸை எடு, ஓரமாக ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார், போதாவிட்டால் மட்டும் கரடுக்குப் போ. அந்தப் பாடத்தை மனப்பாடமாகவே படித்து, பிறகு தூக்கிப் போட்டேன். சொல்கிறவர்கள் எல்லாம் மெயின்லேண்ட்காரர்கள். அவர்கள் கண்டது தூசி. நம்ம ஊர் உப்பைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

பஜாரில் கடைக்காரரும், "மேடம், பெஹ்லே ஹல்கா வாலா லகாயியே" என்று, முதலில் லேசானதைப் போடச் சொல்லி நைஸ் டப்பாவைத்தான் முதலில் நீட்டினார்.

"பையா, யஹாங் கா நமக் ஹல்கா ஹை க்யா?" என்றேன். இந்த ஊர் உப்பு என்ன லேசுப்பட்டதா என்று கேட்டதும் அவர் நைஸ் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். கரடு டப்பாவில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். (அடுத்த கப்பலில் வருமோ வராதோ! எது கிடைத்தாலும் பெரிய சைஸாக வாங்குவது எங்கள் தீவுக்காரர்களின் பிறவிக் குணம்.)

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிஸ்வாஸ் தாதா (பெங்காலியில் தாதா என்றால் அண்ணன்) தன்னுடைய ட்ரில் மெஷினோடு வந்தார். அதில் கம்பளி வட்டை மாட்டினோம். காம்பவுண்டைத் தாராளமாக அப்பி, பானட்டின் நட்டநடுவில் வைத்து அழுத்தினேன். துணியால் துடைத்துப் பார்த்தால், துணி முழுக்கச் சிவப்பு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தீங்களா அத்தை, எத்தன வருசத்து அழுக்கு!" என்று மாமியாரிடம் துணியை விரித்துக் காட்டினேன்.

"ஏட்டி, அழுக்கு இப்பிடிச் செவப்பாவா வரும்?"

"இது துரு அத்தை."

மாமியார் உடனே ஒத்துக்கொண்டார். எங்கள் ஊரில் சிவப்பாக எது வந்தாலும் அது துருதான். கேட்டைத் தொட்டால் துரு, ஜன்னல் கம்பியைத் தொட்டால் துரு, குழாயைத் திறந்தால் துரு. அந்தக் கார் மெரூன் கலர் என்பது அங்கே நின்றிருந்த ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பிஸ்வாஸ் தாதா துணியை வாங்கி முகர்ந்தே பார்த்துவிட்டு, "ஜங் ஹை, ஜங். ஔர் ரகடோ" என்றார். துருதான், இன்னும் தேய் என்று தீர்ப்பே கிடைத்தபிறகு நான் நிறுத்துவேனா? தேய்த்தேன். துணிமேல் துணியாகச் சிவந்தது. மாமியார் தன் பங்குக்குப் பழைய நைட்டிகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு நின்று, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. "பளபளப்பு வந்துட்டு அத்தை!" என்று கத்தினேன். வந்தது பளபளப்பு இல்லை, பிரைமர். எப்போதோ பட்டறையில் அடித்த மெல்லிய பெயிண்டை முழுசாகச் சீவி எடுத்துவிட்டு, அதற்கு அடியில் இருந்ததைத் தோசைக்கல் அகலத்துக்கு வெளியே கொண்டுவந்திருந்தேன். பிஸ்வாஸ் தாதா ட்ரில்லைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் கல்யாணம்.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய், கல்யாணத்துக்கு வாங்கிய மெரூன் நெயில் பாலிஷை எடுத்து வந்து, "கலரு ஒண்ணுதான் மதினி, அடிச்சுப் பாப்போம்" என்றாள். பாட்டிலைக் காலி செய்தோம். காய்ந்தபிறகு காருக்கு அம்மை போட்டது போல இருந்தது.

அன்று சாயங்காலம் ஹேடோ துறைமுகத்தில் இறங்கிய ஜெரால்டை ஸ்கூட்டரில் ஏற்றி, வழியிலேயே விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கப்பல்ல எஞ்சின் நின்னப்பகூட எனக்கு இப்பிடி இருந்ததில்ல" என்றார். பிறகு தங்கையிடம், "வாடக வண்டி சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நான் வண்டிக்கு உள்ளதான இருக்கப் போறேன், எனக்கு எப்பிடித் தெரியும்? இதுலதான் போவேன்" என்றாள் ஸ்டெல்லா. அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் அக்கம்பக்கத்தார், கல்யாணமாகிப் போகப்போவது நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

வட்டத்தை மறைக்கப் பானட்டில் பூ அலங்காரம் செய்தோம். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு இறக்கம். ஜெரால்டு பிரேக் போட்டதும் அலங்காரம் மொத்தமாக வழுக்கி ரோட்டில் விழுந்து, பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறிப் போனது. போட்டோக்காரரோ கார்ப் பைத்தியம். ஒவ்வொரு படத்திலும் பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவில் பானட் வந்தாக வேண்டும் என்றார்.

ஜெரால்டு என் காதருகே வந்து, "போய் முன்னால நில்லு. நகரக்கூடாது" என்றார்.

நின்றேன். போட்டோக்காரர், "பாபி, தோடா சைட் மே" என்று, அண்ணி கொஞ்சம் ஓரமாகப் போகட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கூடப் பார்த்தார். நான் அசையவில்லை. பட்டுச்சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆல்பம் வந்தது. ஒவ்வொரு படத்திலும் பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவில் நான். கப்பல் டிக்கெட் கிடைக்காமல் வர முடியாதவர்களுக்காகப் படங்களைத் தூத்துக்குடிக்குப் போனில் அனுப்பினோம். அங்கிருந்து, பெண்ணை அதுவரை பார்த்திராத மாப்பிள்ளையின் பெரியம்மா, என் மாமியாரைக் கூப்பிட்டு, "பொண்ணு நல்ல லெட்சணம். ஆனா கொஞ்சம் வயசு தெரியுதே, பரவால்லியா?" என்று கேட்டார். அன்று ஆரம்பித்த சிரிப்பு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. காருக்கு ஜெரால்டு புது பெயிண்ட் அடித்துவிட்டார். ஆல்பத்துக்கு அப்படி எதுவும் அடிக்க முடியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, ஸ்டெல்லாவின் மகள் அந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு, நிமிர்ந்து தன் அம்மாவைக் கேட்டாள்:

"மாமி கல்யாணத்துக்கு நீயும் போயிருந்தியாம்மா?"