தளபதி வீட்டுக்கு முன்பக்கம் எது?

ஹாலோவே முனை,
டிசம்பர் 4

மதிப்பிற்குரிய வெர்லின் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் டாரின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மெரிடித்தும் அவள் வயிற்றில் இருப்பதும் சுகம். புளோரிடாவில் நீங்களும் அத்தையும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. வெயிலைப் பற்றிப் பதில் எழுத வேண்டாம். போனில் மரத்தளம் என்ற சொல் வந்ததும் நீங்கள் கட் செய்துவிடுவதால்தான் கடிதம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டேன். ஐந்துக்கு ஐந்து ஓட்டு.

இனி விவரம். அக்டோபரில் நீங்கள் தெற்கே கிளம்பிய மறுவாரமே வீட்டைச் சூடாக்கும் பாய்லர் செத்தது. "இது என்னைவிட அதிக நாள் இருக்கும்டா" என்று தட்டிக் காட்டி வீட்டோடு விற்றீர்களே, அதே பாய்லர். ஜனவரியில் குழந்தை. வீட்டுக்குள் பேசினால் வாயில் புகை வந்தது. பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் வாங்கினேன். ஏசிக்கு இருப்பது போல அதற்கும் ஒரு பெட்டியை வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் எனக்கு இதுதான், அரை நாளில் முடிப்பேன். ஆனால் பழைய ராணுவ முகாமுக்குள், அதுவும் அரசு பாதுகாக்கும் தளபதி வீட்டில், அரை நாள் வேலை என்று எதுவும் கிடையாது. இரண்டு பக்கவாட்டிலும் அடுத்தவர் எல்லை. முன்பக்கம், அதாவது அணிவகுப்பு மைதானத்தைப் பார்த்த பக்கம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது பழங்கட்டடங்களைக் காக்கும் பாரம்பரியக் குழுவின் விதி. பின்பக்கம் எது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அந்த ஏரிப்பக்கச் சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் நீங்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியே உட்கார மரத்தளம் அடித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டே இரண்டு பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைக்கிறேன் என்று கேட்டேன். "டேய், அதுல ஒரு பலகை மேல கை வெச்சே, அப்புறம் என்னை மாமான்னு கூப்பிடாத"ன்னு சொல்லிப் போனை வெச்சிட்டீங்க. சரி, தொட மாட்டேன் என்று மெரிடித் முன்னால் வாக்குக் கொடுத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஆஸ்பத்திரியிலேர்ந்து பிள்ளையோட நேரா எங்கம்மா வீட்டுக்குத்தான் போவேன். நீ உன் தளபதியோட குடும்பம் நடத்து."

வேறு வழியில்லாமல் முன்பக்கத்துக்கே மனு போட்டேன். குழுத் தலைவி வினிஃப்ரெட் டெர்பெனிங் அம்மையார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, அது தளபதி சல்யூட் வாங்கின வாசல். அங்க பெட்டியா வெப்பே? வருஷா வருஷம் ஆகஸ்ட் விழாவுல உங்க மாமா தளபதி வேஷம் கட்டிக்கிட்டு அந்த வாசல்லதானே வந்து நிக்கிறார்? ஊரே எழுந்து சல்யூட் அடிக்கறப்ப உனக்கு ரத்தம் சூடாகலையா?" "ரத்தம் சூடாத்தான் இருக்கு, வீடுதான் இல்ல"ன்னேன். மனு தள்ளுபடி.

பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரை எதில் விடலாம் என்று ஏற்கெனவே பார்க்க ஆரம்பித்திருந்தேன். நிலவறையில் ஒரு பழைய கல் சாக்கடை இருக்கிறதல்லவா, அதற்குள் குழாய்க் கேமராவை விட்டேன். அது நேராகப் போய் உங்கள் சல்யூட் வாசல்படிக்கு அடியில் நின்றது. அங்கே ஒரு கல் தொட்டி, அது நிறையத் தின்று போட்ட எலும்பு, உடைந்த பீங்கான். எந்த ராணுவ இன்ஜினியராவது தளபதியின் காலடியில் பாத்திரம் கழுவின தண்ணியை விடுவானா? விடமாட்டான். அப்ப அது முன்வாசலே இல்ல. அப்ப முன்வாசல் எங்க? ஓடிப் போய் ஏரிப்பக்கம் பார்த்தேன். மைதானப் பக்கச் சுவர், பூச்சு உதிர்ந்த இடத்திலெல்லாம் கரடுமுரடு. ஏரிப்பக்கச் சுவர் மட்டும் இழைத்து அடுக்கின கல். கதவுக்கு மேல ஒரு பறவை செதுக்கியிருக்கே, கோழின்னு சொல்லி அதுக்கு அடியிலயே பன்னிரண்டு வருஷம் கோழி சுட்டீங்களே, அது மேல இருந்த புகைக்கரியைத் துடைச்சேன். கழுகு! ராணுவ முத்திரையில இருக்கிற மாதிரியே காலில் அம்பு வெச்சிருக்கு. கோழி அம்பு பிடிக்காது மாமா. அந்தக் காலத்தில் பெரிய அதிகாரிகள் எல்லாரும் படகில்தான் வந்திருக்காங்க, தளபதி ஏரியைப் பார்த்துத்தான் நின்னிருக்கார்.

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் கேமராப் படத்தையும் கழுகின் படத்தையும் பெரிய திரையில் போட்டேன். குழுவில் இருக்கும் கஸ் பொமின்வில், நாற்பது வருஷம் பிளம்பராக இருந்தவர், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"வினி, இது கழுநீர் வாசல். இது வழியா வெளிய வந்தது தளபதி இல்ல, சமையக்காரன்."

"வாயை மூடு கஸ்."

"இத்தனை வருஷமா சமையக்காரனுக்கு சல்யூட் அடிச்சிருக்கோமே! அடுத்த ஆகஸ்ட்ல வெர்லினை வாளை வெச்சிட்டு வாளியோட வரச் சொல்லு."

கூடமே சிரித்தது. அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. கழுகின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏரிப்பக்கம்தான் முன்பக்கம்னு எழுதிக்கோங்க" என்று சொல்லி முதல் ஆளாகக் கை தூக்கினார். நல்ல மனுஷி.

மைதானப் பக்கம் இப்போது பின்பக்கம் ஆகிவிட்டதால் மறுநாளே பெட்டியை வைத்துவிட்டேன், சமையல்காரன் வாளியைக் கவிழ்த்த அதே இடத்தில். மெரிடித் அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாக ஸ்வெட்டரைக் கழற்றினாள். தொட்டிலை எங்கே போடலாம் என்று அறை அறையாகப் போய்ப் பார்க்கிறாள். ஒன்றைக் கவனிக்கவும் மாமா: உங்கள் மரத்தளத்தில் ஒரு பலகையைக்கூட நான் தொடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

அத்தைக்கு எங்கள் அன்பு. பிறக்கப்போகிற பிள்ளைக்கு உங்கள் இருவர் ஆசியும் வேண்டும். கோழியை வேறு எங்காவது சுடவும்.

இப்படிக்கு,
கதகதப்பாக உட்கார்ந்து எழுதும்
டாரின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏரிப்பக்கம்தான் முன்பக்கம் என்று முடிவாகிவிட்டதால், இனி அங்கே ஓர் ஆணிகூட இருக்கக் கூடாதாம். மே மாதத்துக்குள் மரத்தளம் முழுவதையும் எடுத்தாக வேண்டும். நான் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதால் நீங்கள்தான் வந்து பிரிக்க வேண்டும். கடப்பாரை கழுநீர் வாசலில் இருக்கிறது. மொத்தம் நூற்றுப் பதினான்கு பலகை. நான் கேட்டது இரண்டு.