ஆட்டிறைச்சியின் மொழிபெயர்ப்பாளர்

றிச்மண்ட் ஹில் பிள்ளையார்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை! பொய்யென்றால் வருகிற மாரி முழுக்க என் வாசல் ஸ்நோவோடு பக்கத்து வீட்டு ஸ்நோவையும் நானே அள்ளுகிறேன்.

வோபர்னில் எனக்குப் பக்கத்து வீட்டுப் பத்மநாதன் பேசுவது சும்மா இங்கிலிஸ் இல்லை. யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து படித்த, கஞ்சி போட்டு மினுக்கின இங்கிலிஸ். ஒருநாள் பஸ் சாரதியிடம் “ஐ பெக் டு இன்குவயர்” என்று தொடங்கினார். வசனம் முடியும்போது பஸ் கடைசித் தரிப்பில் நின்றது.

மனைவி பாலேஸ்வரியின் இங்கிலிஸ் சான்ட்விச் பக்டறியில் பிறந்தது. மேற்பார்வைக்கு ‘போஸ்’ இத்தாலிக்கார மரியோ, பக்கத்தில் நாலு கண்டத்துச் சனம், எல்லாருக்கும் பொதுவாக நாற்பது சொல். பாண் தீர்ந்தாலும் பினிஷ், மெசின் செத்தாலும் பினிஷ், ஆளை வேலையால் நிப்பாட்டினாலும் பினிஷ்.

“உது இங்கிலிசே? இங்கிலிசின்ரை எலும்பு!”

“எலும்பிலைதானேயப்பா சூப்பு வைக்கிறது.”

இப்படியிருக்க, பத்மநாதனுக்குக் கொலஸ்ட்ரோல் எகிறியது. அடுத்தமுறை மனைவியையும் கூட்டிவரச் சொன்னார் டொக்டர் ஜெனாட். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியின் உயிர் ஊசலாடுகிறது! ஆனால் கச்சேரி மூளை சும்மா இருக்குமா? டொக்டரின் வாய் இங்கிலிஸ், மனைவியின் காது தமிழ், நடுவில் பாலம் நான். பாலத்தைக் கொஞ்சம் வளைத்தால் ஆடு இந்தப் பக்கம் வந்துவிடாதா?

டொக்டரும் வேறு தேசத்திலிருந்து வந்தவர்தான்; அவரின் இங்கிலிசும் எண்ணி எடுக்கிற சொல்தான். புருசனும் பெண்சாதியும் போய் முன்னால் இருந்ததும் இரண்டு கையையும் விரித்து, தலையை ஆட்டி, “மட்டன், நோ” என்றார்.

“ஆட்டிறைச்சி நல்லதாம். கிழமைக்கு ரெண்டு தரம் குடுக்கட்டாம்.”

“பின்னை ஏன் தலையை உப்பிடி ஆட்டுறார்?”

“இவையின்ரை ஊரிலை ஓம் எண்டதுக்கு இப்பிடித்தான் ஆட்டுறது.”

“வோக்” என்றார் டொக்டர்.

“கதிரையிலை இருந்து காலை ஆட்டினாலே காணுமாம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. “டொக்டர், ஐ மே பார்ட்டேக் ஒவ் எ லிற்றில் மட்டன், நோ?” என்றார். நம்மவரின் இங்கிலிசில் கடைசி ‘நோ’ என்றால் ‘தானே’.

டொக்டர் துள்ளினார். “நோ! வெரி குட்! நோ!”

“நோ எண்டால் என்னப்பா?”

“நோ எண்டால்... தானே. சாப்பிடலாம்தானே எண்டுறார்.”

பாலேஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு டொக்டர் பக்கம் திரும்பினார். “டொக்டர். மட்டன் பினிஷ்?”

டொக்டர் முகத்தில் நூறு வாட் பல்ப் எரிந்தது. “பினிஷ்! பினிஷ்!”

“எவ்ரிடே வோக் வோக்?”

“வோக் வோக்!”

“ஹீ டோக்கிங் டோக்கிங், நோ குட். மீ போஸ்?”

“யூ போஸ்!”

கூடப்பிறந்த சகோதரங்கள் முப்பது வருசம் கழித்துச் சந்தித்தது போல இருவரும் சிரித்தார்கள். டொக்டர் இரண்டு வரி எழுதி நீட்டினார். பாலேஸ்வரி அதை அப்படியே கணவரிடம் கொடுத்தார்.

“இஞ்சேருங்கோ, எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. உங்கடை கச்சேரி இங்கிலிசாலை வடிவா மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ.”

மட்டன் பினிஷ். வைஃப் போஸ்.

“ஆட்டிறைச்சி... முடிஞ்சுதாம்.”

“அடுத்த வரி?”

பத்மநாதன் கடதாசியை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். “வாரும், நடந்தே வீட்டை போவம்.”

இதை நான் சொன்னதென்று ஒருவருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தாளின் பங்கு ஆட்டிறைச்சி இப்போது எனக்குத்தான் வருகிறது.