காலையில் பச்சை, பிற்பகலில் சிவப்பு

நாகல் நகர்,
திண்டுக்கல்.
வியாழக்கிழமை

பாசமுள்ள அல்போன்சா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் லிடியா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் அனைவரும் சுகம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். நான் சுகமாக இல்லை. போன முறை வாட்ஸ்அப்பில் சொன்ன ரகசியத்தை நீங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பி, அதற்குப் பதினேழு பேர் கை கூப்பியிருந்ததால் இந்த முறை கடிதமாக எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்பதுதான் இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஊர் எப்படி மாறுகிறது என்பதைப் படமாகக் காட்டும் கலைக் குழு எங்களுடையது. கிளெமென்ட் சார் அதன் தலைவர். ஒரு தெருவில் வீடு வீடாகப் போய், முப்பது வருடத்தில் இங்கே என்ன மாறியது என்று நான் கேட்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் பச்சை, ஒரு முறை மாறியது என்றால் மஞ்சள், அடையாளமே தெரியாமல் மாறியது என்றால் சிவப்பு. அந்த நிறத்தில் ஒரு பொட்டு மேப்பில், கேட்ட வீட்டையே மறுபடி கேட்காமலிருக்க இன்னொரு பொட்டு வாசல் நிலையில். கடைசியில் மேப்பைப் பெரிய துணியில் அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் தொங்கவிடுவார்கள். மேப் சரியாக வந்தால் என் வேலை நிரந்தரம். வராவிட்டால் கல்யாணம்தான்; அதே ஞாயிறு பூசை முடிந்ததும் தாடிக்கொம்பிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "கலர் காகிதம் ஒட்டுறதெல்லாம் ஒரு சோலியா?" என்று கேட்டு அப்பாதான் அவர்களை வரச் சொல்லியிருக்கிறார்.

நம் தெருவையே எனக்குக் கொடுத்தார்கள், தெரிந்தவர்கள் என்றால் பயமிருக்காது என்று. நேற்றுக் காலை எட்டு மணிக்கு மாயக்காள் அக்கா வீட்டில் தொடங்கினேன். அத்தை, நீங்கள் கடைசியாக வந்தபோது அது ஓட்டு வீடு. இப்போது மூன்று மாடி, வாசலில் கிரானைட், மொட்டை மாடியில் செல்போன் டவர். பேனாவைத் திறப்பதற்குள் அக்கா, "ஒண்ணுமே மாறல தாயி, நான் வாக்கப்பட்டு வந்தன்னைக்கு எப்டி இருந்துச்சோ அப்டியேதான் இருக்கு" என்றார். "இந்த மாடி, அக்கா?" என்றேன். "அது எப்பவும் உள்ளதுதான். அந்தச் செவப்புப் பொட்ட மட்டும் எங்க வீட்ல ஒட்டிராத ஆத்தா. வேணும்னா எதுத்த வீட்டுக்காரிக்கு ரெண்டா ஒட்டிவிடு" என்று சொல்லி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தார். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பதில், இதே நடுக்கம். முன்பு ரோட்டை அகலப்படுத்தியபோது சிவப்புக் கோடு போட்ட சுவர்களைத்தான் இடித்தார்களாம்; என் பொட்டும் அதுதான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு எதிர்த்துப் பேச வராது என்பது உங்களுக்கே தெரியும். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். மதியத்துக்குள் தெரு முழுக்கப் பச்சை.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தெருவே எனக்காக நின்றுகொண்டிருக்கிறது. சிவப்பு வாங்கிய வீட்டுக்கு பைபாஸில் இரண்டு சென்ட் இடம் தருகிறார்களாம்! இதை யார் கிளப்பியது என்றும் தெரியவில்லை. பெட்டிக்கடை முனீர் அண்ணன் முதல் ஆளாக, "எழுதும்மா, நம்ம கட மாறாத நாளே கெடையாது. டீக்கடையா இருந்துச்சு, செல்போன் ரிப்பேரா இருந்துச்சு, கொஞ்ச நாள் பொடவக் கடையாக்கூட இருந்துச்சு" என்றார். "காலையில முப்பது வருசமா பெட்டிக்கடதான்னு சொன்னீங்களே அண்ணே?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன். "அது காலையில" என்றார். மாயக்காள் அக்கா, எதிர்வீட்டுக்குப் போய்விடுமோ என்று என் கையிலிருந்த சிவப்புத் தாளையே வாங்கி, நிலையில் நான்கு பொட்டு வரிசையாக ஒட்டிக்கொண்டு, காலையில் கொடுத்த வாழைப்பழம் இனித்ததா என்று விசாரித்தார். புது மேப் ஒன்றை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சிவப்பு.

ஆக, அத்தை, ஒரே தெருவுக்கு என்னிடம் இரண்டு மேப். ஒன்றில் முப்பது வருடமாக ஒரு செங்கல் நகரவில்லை. இன்னொன்றில் தெருவே புதிதாக முளைத்திருக்கிறது. இன்று இரண்டையும் கிளெமென்ட் சாரிடம் காட்டினேன். பச்சையைப் பார்த்து, "அடடா, என்ன அமைதி" என்றார். சிவப்பைப் பார்த்து, "அடடா, என்ன வேகம்" என்றார். எதை அச்சுக்குக் கொடுப்பது என்று கேட்டால், "எது உண்மையோ அதக் குடும்மா. டேட்டா பேசணும்" என்கிறார். அது பேசுகிறது சார், ஆளுக்கு ஏற்ற மாதிரி பேசுகிறது என்று சொல்ல நினைத்து, சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நானே கண்ணால் பார்த்து மூன்றாவது மேப் போட்டுவிடலாம். ஆனால் கேட்டு எழுதுவதுதான் வேலை, பார்த்து எழுதுவது இல்லையாம். எனக்குத் தலை சுற்றுகிறது.

அப்பா பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். தயவுசெய்து போன் செய்து என் வேலை என்னவென்று அவருக்குத் தெளிவாக விளக்குங்கள். இது கவர்மெண்ட் வேலை இல்லை, யார் வீட்டையும் இடிக்க மாட்டோம், யாருக்கும் இடம் தர மாட்டோம், ஆனாலும் இது வேலைதான் என்று சொல்லுங்கள். பெண் பார்ப்பதை ஆறு மாதமாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஜெபத்தில் என்னையும், இடமிருந்தால் என் மேப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
செ. லிடியா, பி.எஸ்சி.

பி.கு: உறை வாங்க முனீர் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் சொல்கிறார்: "கெளப்பிவிட்டது யாருன்னா கேக்குற? ஒங்கப்பாதாம்மா! வெங்காய மண்டில நின்னு, 'எம்மக கலெக்டருக்கே மேப் போட்டுக் குடுக்குறா, அவ செவப்பு வச்சா வீடு நிக்காது'ன்னாரு. ஊரே வெலவெலத்துப் போச்சு. சனம் பயப்படுறதப் பாத்து மனசு கேக்காம, மத்தியானம் அவரே வந்து, 'பயப்படாதீக, எம்மக பைபாஸ்ல எடம் வாங்கிக் குடுத்துருவா'ன்னுட்டாரு." தாடிக்கொம்புக்காரர்களிடமும், "எம்மகளுக்கு ஞாயித்துக்கெழமகூட கவர்மெண்ட் சோலி, இப்பைக்கு ஏலாது" என்று போனில் சொல்லிவிட்டாராம். நான் இரண்டு மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே 'காலை', 'பிற்பகல்' என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆகையால் அத்தை, அப்பாவிடம் எதையும் விளக்கிவிடாதீர்கள். அவர் கேட்டால், கலெக்டருக்கு மேப் ரொம்பப் பிடித்துவிட்டதாக நீங்களும் கேள்விப்பட்டீர்கள்.