மாமனாரின் கடைசித் திராட்சரசம்

கொஞ்சம் தெரிந்தவன் பண்ணுகிற நாசத்தை ஒன்றுமே தெரியாதவன் பண்ணிவிட முடியாது. நான் கொஞ்சம் தெரிந்தவன். நெய்வேலியில் எட்டு வருடமாக பாய்லர் பராமரிப்பில் காண்ட்ராக்ட் ஃபிட்டர்.

என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டவுன்ஷிப்புக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் சபையின் திருவிருந்துக்குத் திராட்சரசம் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். அந்த மே மாதம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறார். ஆகவே அந்தப் பெரிய வியாழனுக்குப் போடுவதுதான் அவருடைய கடைசி ரசம். பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, ஜாடியில் ஊற்றி மூடினார். மறுநாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஜாடி எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஜாடி மூடியிலிருந்து ஒரு ரப்பர் டியூப். அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். உள்ளே உண்டாகும் வாயு குமிழி குமிழியாக வெளியேறும்.

"மாப்பிள, தண்ணிக்குள்ள இருக்க டியூபை மட்டும் தொட்டுராதீங்க. ரசத்தை யாரும் ருசி பார்க்கவும் கூடாது. மொதல்ல அது பீடத்துக்குத்தான்" என்றார் மாமனார்.

இரண்டு வாரத்தில் குமிழி நின்றுபோனது. எனக்குப் பகீரென்றது. வாயு வெளியேறும் வென்ட் அடைத்துக்கொண்டது, உள்ளே பிரஷர் ஏறுகிறது, ஜாடி வெடிக்கப் போகிறது! வென்ட் குழாயின் வாயில் யாராவது தண்ணீரை நிறுத்துவார்களா?

"அப்பாதான் தொடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"உங்கப்பா ஆபீஸ்ல ஃபைல் பாத்தவரு. பிரஷரப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?" என்று டியூபைப் பிடுங்கி எறிந்தேன். (போதாதென்று மூடியில் இன்னும் இரண்டு ஓட்டை வேறு போட்டேன். மகா மேதை.)

அந்தத் தண்ணீர்தான் காவல். அது வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. புளித்து முடிந்த ரசத்தில் காற்றுப் பட்டால் வேறொரு கிருமி புகுந்து அதை வினிகராக்கிவிடும். இந்த விஞ்ஞானமெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

ஒரு மாதம் கழித்து, பெரிய வியாழன் காலை வடிகட்டும்போது மூக்கில் சுருக்கென்று ஏறியது. ரசம் நல்ல வீரியமாக இறங்கியிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

சாயங்கால ஆராதனையில் போதகர் முதலில் பருகினார். அவருடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. துப்ப முடியாது, திருவிருந்தல்லவா! விழுங்கினார். அடுத்து சபையார் வரிசையாக வந்து முழங்காலிட்டார்கள். ஒவ்வொரு முகமும் கோணிக்கொண்டு திரும்பியது. என் முறை வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஐயோ, அப்படியே செத்துவிடலாம் என்றிருந்தது. தடுக்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை.

கடைசியாக, சக்கர நாற்காலியில் இருந்த மாமனாரிடம் போதகரே கிண்ணத்தைக் கொண்டுபோனார். அவர் குடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசித் திருவிருந்து என்று மனிதர் கலங்குகிறார் போலும் என்று பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

வீட்டில் மாமனார் ஒரே கேள்விதான் கேட்டார். "டியூபை எடுத்தீங்களா?"

"வென்ட் தொறந்து வுட்டேன் மாமா... பாய்லர்ல அப்பிடித்தான்..."

"இத்தனை வருசத்துல ஒருத்தர் ஒரு கொறை சொன்னதில்ல மாப்பிள" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பெரிய வெள்ளி. போதகர் உருக்கமாகப் பிரசங்கித்துக்கொண்டே, சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்குக் காடி கொடுத்த இடத்துக்கு வந்தார். காடி என்றால் வினிகர்தான். வார்த்தை வாயில் வந்ததும் இருமினார். டியூப் கதை அதற்குள் பரவியிருந்ததால் முன்வரிசை திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு மொத்தச் சபையும் பார்த்தது. துக்க நாளில், அந்த நிசப்தத்தில், 'க்ளுக்' என்று முதலில் சிரித்தவர் என் மாமனார். மாவுக்கட்டுக் கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

இப்போது ஊரில் இருக்கிறார். வருடா வருடம் பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும் போன் வந்துவிடும்.

"மாப்பிள, இன்னைக்கும் காடி கொடுத்தாங்க. உங்களைத்தான் நெனைச்சேன்."