பொர்தோப் போத்தலும் ஒரு கரண்டிச் சுண்ணாம்பும்

மடத்துவெளி,
புங்குடுதீவு.

அன்பு மச்சான் ஆழ்வாப்பிள்ளைக்கு,

நாங்கள் இங்கு சுகம். பாரிஸ் குளிரில் நீரும் மச்சாளும் சுகமாயிருக்க நயினை அம்மாள் துணை. மகள் தர்சனாவின் கலியாணம் சரிவந்துவிட்டது. இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது. இனி நான் செய்த பாவத்தைக் கேளும்.

மாப்பிள்ளை லவனுக்கு வைன் ருசித்து மதிப்புச் சொல்லும் உத்தியோகம் என்று நீர்தானே சம்பந்தம் பேசினீர். அவர் எனக்கென்று தந்துவிட்ட பொர்தோச் சிவப்பு வைனைப் போன மாதம் நீர் மடியில் வைத்துக் கொண்டுவந்து, "அவர் வருமட்டும் திறவாதையும். அவரோடை குடிச்சு உம்மடை அபிப்பிராயத்தைச் சொல்லும்" என்று தந்தீர். எனக்கு வைனைப் பற்றி என்ன தெரியும்? பெண் பார்க்க வருகிறவர் முன்னால் முழிக்கக் கூடாதே என்று ஒத்திகைக்குத் திறந்தேன். தக்கை கையோடு கழன்று வந்தது, நல்ல சாமான் திறக்கவும் சுகம் என்று நினைத்தேன். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு வினாகிரிப் புளிப்பு. போத்தலில் 2015 என்று போட்டிருக்கிறது. காலமை இறக்கின கள்ளே பொழுதுபடப் புளித்துவிடும், இது இவ்வளவு வருசம் தாங்குமோ? கருப்பணிப் பதநீர் புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறோம்தானே, அதே வைத்தியம் என்று ஒரு கரண்டி போட்டுக் குலுக்கினேன். நிறம் மட்டும் அசையவில்லை மச்சான், செக்கச்செவேலென்று நின்றது. ருசியோ வெள்ளையடிக்கிற வாளி. உம்முடைய தங்கச்சி சத்தியபாமா தலையில் கைவைத்துவிட்டாள். சம்பந்தம் போச்சு என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை வாழைக்கு ஊற்றிவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி திராட்சைப்பழ ரசம் வாங்கிவந்து, துவர்ப்புக்குத் தேயிலைச் சாயமும் விட்டுப் போத்தலை நிரப்பினேன்.

லவன் வந்தார். கிளாசைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், வாயில் வைத்துக் கொப்பளித்தார், எழுந்துபோய்ச் செவ்வரத்தைச் செடியடியில் துப்பினார். சத்தியபாமா குசினிக்குள் ஓடி அழத் தொடங்கிவிட்டாள். துப்புவதுதான் அந்த உத்தியோகத்தின் முறை என்று எங்களுக்கு ஆர் சொன்னது? திரும்பி வந்து, "ஈர இலை மணம் தெரியுது. நல்ல சாமான், மாமா. கலியாண நாளைக் குறிப்பம்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நீர் பாடுபட்டுக் கொண்டுவந்த பொருளைப் பாழாக்கியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். மச்சாளுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தியாகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக தர்சனா வந்தாள். நடந்த எல்லாவற்றையும் லவனுக்குப் போனில் சொல்லிவிட்டாளாம். தேயிலை என்று அவருக்கு அப்போதே தெரியுமாம், என் முகத்தைப் பார்த்துக் காட்டிக்கொடுக்காமல் விட்டாராம். ஆனால் ஒன்று கேட்டாராம்: சுண்ணாம்பு பட்டால் அசல் வைன் நீலமாய்ப் போகுமே, அது எப்படிச் சிவப்பாக நின்றது? மச்சான், மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி அனுப்பும். சர்பத்துக்கு அவ்வளவு வினாகிரி விடக்கூடாது.