மாந்தோப்புக் குடிசைக்கு வெளிச்சம் வந்த விவரம்

மம்சாபுரம் மேற்கே,
மாந்தோப்பு.

எல்லையைக் காக்கிற என் மச்சான் ஹவில்தார் ஐயாதுரை சமூகத்துக்கு, மாங்காயைக் காக்கிற வேல்பாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கச்சி கருத்தம்மாவும் சுகம். தோப்பு சுகம். நம் வெள்ளை நாய்க்குப் பல்லெல்லாம் போய்விட்டது, குரைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ரிட்டையர் ஆகப்போகிற உன்னை நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் அனுப்பிய போட்டோவில் நம் குடிசைக்குள் பளபளவென்று எரிந்ததே, அது சோலார் லைட் இல்லை. சன்னலுக்கு வெளியே என் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுவிட்டேன். உள்ளே நின்று போட்டோ பிடித்தது உன் தங்கச்சி. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு பட்டாளம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுகிறவன், பக்கத்தில் உன் பெண்டாட்டி பரிபூரணம் தங்கச்சி வேறு இருக்கும். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு.

உன் பெண்டாட்டி சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. ரெண்டும் ஓடுனா அந்தத் தோப்புல வந்து இருக்கேன். இல்லன்னா கோயம்புத்தூர்ல எங்க அண்ணன் வீட்டுப் பக்கத்துலயே வீடு பாத்துருவோம்" என்றதா இல்லையா? நியாயமான பேச்சுதான். கரண்டுக் கம்பம் நம் தோப்புக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, அதற்கும் மலையிலிருந்து இறங்குகிற யானையிடம் பயம் போலிருக்கிறது. அதனால் சோலாரை விட்டால் நமக்கு வேறு வழி இல்லை. நீ கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் மாங்காய்க் காலத்தில் இந்தக் கயிற்றுக் கட்டிலில் நான் யாரைக் கேலி பேசிக்கொண்டு கிடப்பேன், சொல்லு. நாயைப் பேசினால் அது தூங்கிவிடுகிறது.

ராஜபாளையத்தில் சோலார் கடை வைத்திருக்கிற ஜெபக்குமார் சாமானையெல்லாம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, "எங்க வேதக் கோயில்ல கன்வென்ஷன் கூட்டம் நடக்குது அண்ணாச்சி, முடிஞ்சதும் வந்து மாட்டுதேன்" என்றான். எனக்குப் பொறுமை ஏது? ஒரு நீலக் கண்ணாடிப் பலகை, தூக்க முடியாத கனத்தில் ஒரு பேட்டரி, அப்புறம் வயர், லைட், ஃபேன். சோலார் என்றால் வெயில். வெயிலில் எதைக் காட்ட வேண்டும்? கரண்டு எதற்குள் இருக்குமோ அதைத்தானே? நம் ரேடியோ செல்லை நாம் அப்படித்தானே செய்தோம்? மீசை முளைக்காத வயதில் இதே தோப்பில் நீயும் நானும் காவல் கிடக்கையில், செல் இறங்கிப் பாட்டு இழுத்துக்கொண்டு போனால், நீ செல்லைக் கழற்றிப் பல்லால் கடிப்பாய், நான் பாறையில் காயப்போடுவேன், சாயங்காலம் மாட்டினால் பாடுகிறவருக்குக் கொஞ்சம் உயிர் வரும், பாதிப் பாட்டில் மறுபடியும் தொண்டை அடைக்கும், மீதிப் பாட்டை நீயே பாடி முடிப்பாய், அதைக் கேட்டு மரத்திலிருந்த வவ்வால் எல்லாம் கூமாப்பட்டிப் பக்கம் போய்விடும், அன்றைக்கு மாங்காய் தப்பிக்கும். அந்த ஞாபகத்தில் பேட்டரியைத் தூக்கி அதே பாறையில் காயவைத்தேன். கடிக்கவில்லை, அவ்வளவு பெரிய வாய் எனக்கு இல்லை. கண்ணாடிப் பலகை வெயில் பட்டு வெளுத்துவிடக் கூடாது என்று சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

கேளு மச்சான், சாயங்காலம் பேட்டரியில் லைட்டை மாட்டினால் எரிந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உனக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தேன். மறுநாளும் காயவைத்தேன், மங்கலாக எரிந்தது. அதற்கு மறுநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து நீ "மாப்ள, ஒரு போட்டோ அனுப்பு, இவ பாக்கணுங்கா" என்றாய். மோட்டார் சைக்கிள் வந்து நின்ற கதை இதுதான்.

கன்வென்ஷன் முடிந்து ஜெபக்குமார் வந்தான். பாறையில் இருந்த பேட்டரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பேட்டரியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன அப்பளமா?"

"ஏலே, முத நாளு எரிஞ்சுதுல்லா?"

"கடையில இருந்து வரும்போதே அதுல கொஞ்சம் சார்ஜ் இருந்துருக்கும். பலகை எங்க?"

"பத்திரமா இருக்கு. கட்டிலுக்கு அடியில."

அவன் செத்த நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா செபம் பண்ணினானா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எழுந்து, பலகையை ஓட்டுக் கூரைமேல் சரிவாக மாட்டி, பேட்டரியை நிழலில் உள்ளே வைத்து, வயரை இழுத்துக் கொடுத்தான். லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. நான் அதன் கீழே சட்டையைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டே நாள்தான். பிறகு ஃபேன், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, சுற்றவா வேண்டாமா என்று நின்றது. ஜெபக்குமாருக்குப் போன் போட்டால், "பலகை மேல நிழலு ஏதும் விழுதான்னு ஏறிப் பாருங்க" என்றான். ஏறிப் பார்த்தேன். நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. பலகையே இல்லை மச்சான். அது இருந்த இடத்தில் ஒரு சாண் விடாமல் உப்புப் போட்ட சப்பட்டை மாங்காய்க் கீற்று காய்ந்துகொண்டிருந்தது.

"ஏட்டி கருத்தம்மா, என்னட்டி இது?"

"ஏன், எங்க அண்ணனுக்கு வத்தல். மதினியும் சாப்புடும்லா. ஓட்டுல போட்டா ஒரே தூசி, இது கண்ணாடி கணக்கா சுத்தமா இருக்கு. சும்மாதான வெயில்ல கெடக்குது?"

"அது சும்மா கெடக்கலட்டி, வேலை பாக்குது!"

"நீங்களும் பகல் பூராம் இப்படித்தான் படுத்துக் கெடந்துக்கிட்டு வேலை பாக்கேன்னு சொல்லுதீய."

பாதி எனக்கு, பாதி லைட்டுக்கு என்று அவள் பேரம் பேசினாள். பாதியை மறைத்தாலும் கரண்டு படுத்துவிடும் என்று ஜெபக்குமார் போனிலேயே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். கடைசியில் கூரைக்குக் கீழே முற்றத்தில் பாய் விரித்து வத்தலுக்குத் தனி இடம் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன்.

இப்போது எல்லாம் ஓடுகிறது. நேற்று அந்தப் பழைய ரேடியோவைத் துடைத்து, அதற்கும் ஜெபக்குமாரிடம் ஒரு வயர் இழுக்கச் சொல்லி மாட்டினேன். ரேடியோக்காரன் நம் காலத்துப் பாட்டு ஒன்று போட்டான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு இடத்தில்கூட இழுக்காமல் பாடி முடித்தது மச்சான். முடிந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதே இத்தனை வருசம் தெரியாது. நீ பாடுகிற முடிவுதான் பாட்டு என்று நினைத்திருந்தேன். உன் முடிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, அது எவ்வளவு கேவலமாக இருந்தாலும். அதனால் பரிபூரணம் தங்கச்சியிடம் நயமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு வா. லைட் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, இனி சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் துப்பாக்கிக்கும் மூட்டுவலிக்கும் என் விசாரிப்பு. தங்கச்சிக்கு எங்கள் ஆசி. ஆண்டாள் தாயார் உங்கள் இருவரையும் பத்திரமாக ரயிலேற்றி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாப்பிள்ளை,
வேல்பாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் பரிபூரணம் தங்கச்சி கருத்தம்மாவுக்குப் போன் போட்டது. "போட்டோவுல சன்னலுக்கு வெளிய மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு தெரிஞ்சுச்சு மதினி, அன்னைக்கே தெரியும். இவரு வர்றதுக்காக உங்க வீட்டு அண்ணன் இம்புட்டுப் பாடுபடுதாகளேன்னு அன்னைக்கே மூட்டை கட்டிட்டேன். லைட்டு எரியாட்டியும் வருவோம்" என்றதாம். ஆகவே மேலே எழுதியது எதுவும் உனக்குத் தேவையில்லை, படிக்காமலே கிழித்துவிடலாம்.

நீங்கள் வருகிற அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு அழைக்க வர வேண்டுமே என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் பார்த்தேன். போட்டோ எடுத்த அன்று ஹெட்லைட்டை அணைக்க மறந்ததில் அதன் பேட்டரி இறங்கிக் கிடந்தது. பேட்டரியைக் காயவைக்கக் கூடாது என்று ஜெபக்குமார் சொன்னது பெரிய பேட்டரிக்கு, சின்னதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நல்ல வெயிலாகப் பார்த்துப் பலகை மேலேயே வைத்தேன். பலகை சரிவாக இருந்தது. பேட்டரி சறுக்கி, போகிற வழியில் வயரையும் பிடுங்கிக்கொண்டு, கீழே வத்தல் பாயில் விழுந்தது. இப்போது லைட் எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை, மோட்டார் சைக்கிள் ஓடவில்லை. வத்தல் நன்றாகக் காய்ந்திருக்கிறது.